பன்னிரண்டு வோல்ட்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு ஏழு மைல். மாலையில் புறப்படுகிற பஸ்ஸில் வலது பக்க ஜன்னலோரம் இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். மலை கூடவே வரும். சூரியன் அதன் முதுகுக்குப் பின்னால் இறங்கியதும் முதலில் நீலமாகும், பிறகு கறுக்கும், ராஜபாளையம் நெருங்கும்போது அது இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகமாகிவிடும். மடியில் பால்கோவாப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு இந்தக் காட்சியை நான் ஐம்பது வருஷத்துக்கு மேலாகப் பார்த்து வருகிறேன். எங்கள் பிறந்த வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். அக்கா வாழ்க்கைப்பட்ட வீடு ராஜபாளையம். பால்கோவா ராஜபாளையத்தில் கிடைக்காதா என்று கேட்காதீர்கள். தம்பி கொண்டுவந்தால்தான் அக்காவுக்கு அது பால்கோவா.

ஊருக்குச் சற்று வெளியே, மலையைப் பார்த்த பக்கமாக இருக்கிறது அக்கா வீடு. வீட்டைச் சுற்றி ஒரு தோட்டம். பெரிய தோப்பு என்று நினைத்துவிட வேண்டாம். நான்கு தென்னை, ஒரு சப்பட்டை மா, ஒரு பவழமல்லி, கிணற்றடியில் கொஞ்சம் வாழை, அவ்வளவுதான். அந்தத் தோட்டத்தில் விளக்குப் போட்ட கதையைத்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். விளக்கு என்றால் உள்ளங்கையில் அடங்குகிற சிறு பல்பு. கிண்ணம் போன்ற ஒரு கண்ணாடிக் குழிவுக்குள் அது உட்கார்ந்திருக்கும். அதற்கு வேண்டிய மின்சாரம் பன்னிரண்டே வோல்ட். ஆனால் அதற்கு முன்னால் அதே தோட்டத்தில் நான் ஒரு முறை வேறு விளக்குப் போட்டேன். அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

எங்கள் சிறு பிராயத்தில் வெளிச்சம் சிக்கனமான பண்டம். பாபநாசத்து நீர்மின் நிலையம் 1944லேயே ஓட ஆரம்பித்துவிட்டது. கம்பி எங்கள் வீதிக்கு வந்து, வீதியிலிருந்து வீட்டுக்குள் நுழைய அப்பாவுக்கு மனசு வருவதற்குள் நான் பள்ளிக்கூடத்தில் சில வகுப்புகளைத் தாண்டிவிட்டேன். அதுவரையில் கூடத்துத் தூணில் ஒரு சுவர் விளக்குதான். மண்ணெண்ணெய், திரி, கண்ணாடிச் சிம்னி. சிம்னிக்குப் பின்னால் சின்னத் தட்டு அளவுக்கு வட்டமாக ஒரு தகரம். அந்தத் தகரத்தை வெள்ளிக்கிழமைதோறும் சாம்பல் போட்டுத் துலக்குவது அக்காவின் வேலை. துலக்கிய அன்று என் பாடப் புத்தகத்தில் எழுத்துக்கள் எழுந்து நிற்கும். மறந்துபோன வாரத்தில் எழுத்துக்களும் சோம்பிப் படுத்துவிடும். திரி அதேதான், எண்ணெயும் அதேதான். சுவரைப் பார்த்து வீணாகப் போகிற வெளிச்சத்தைப் பிடித்துத் திருப்பி அனுப்புகிற காரியத்தை அந்தத் தகரம் செய்துகொண்டிருந்தது. பூஜை அறையில் காமாட்சி விளக்குக்கு முதுகில் ஒரு பித்தளைத் தகடு உண்டல்லவா? அம்பாள் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, சுடருக்கு உதவி செய்துகொண்டிருக்கிறாள் என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

பிரதிபிம்பம் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் சூடிக்கொண்டு ஆண்டாள் அழகு பார்த்ததாகச் சொல்லும் கண்ணாடிக் கிணறு இன்றும் அவள் கோயிலில் இருக்கிறது. அக்காவும் நானும் எட்டிப் பார்த்தால் எங்களுக்கு ஒன்றும் தெரிந்ததில்லை. “அதுக்கெல்லாம் ஆண்டாளாப் பொறக்கணும்டா” என்பாள்.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன்.

1998ஆம் வருஷம் ஐப்பசியில் அக்கா மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தம் ஊருக்குள் மண்டபத்தில். மறுவீட்டு விருந்து அக்கா வீட்டுத் தோட்டத்தில். அதற்குச் சில மாதம் முன்பு நான் பெங்களூருக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு பெரிய ஹோட்டலின் தோட்டத்தில் மரங்களுக்குக் கீழே விளக்கு வைத்திருந்தார்கள். விளக்கு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. மரம் தரையிலிருந்து வெளிச்சத்தை உறிஞ்சிக்கொண்டு நிற்பது போல் இருந்தது. நம் சப்பட்டை மாவும் சம்பந்தி வீட்டார் முன்னால் அப்படி நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது.

அத்தான் அப்போது ஒரு நூல் மில்லில் மின்சாரப் பகுதிக்குப் போர்மன். மண்டபத்துக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தவரை வழிமறித்து என் யோசனையைச் சொன்னேன். “மழைக்காலம் மாப்பிள்ளை. தரையிலே கம்பி வேண்டாம். இன்னொரு நாள் பார்ப்போம்” என்றார். நான் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டிவிட்டு நேரே வாடகைக் கடைக்குப் போய், ஆளுக்கு ஐந்நூறு வாட் என்று இரண்டு ஹாலஜன் விளக்குகளை எடுத்து வந்தேன். விரல் நீளத்துக்குக் கண்ணாடிக் குழல் வைத்த, சதுரமான தகரப் பெட்டி விளக்குகள். மாமரத்தடியில் ஓர் இரும்புக் குழாயை அடித்து நிறுத்தி அதில் இரண்டையும் கட்டினேன். ஒயர் எட்டவில்லை. இன்னொரு துண்டைச் சேர்த்து முறுக்கி டேப் சுற்றினேன். பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறவனுக்கு இரண்டு கம்பியை முறுக்கத் தெரியாதா என்ன?

விளக்கு எரிந்தது. மரம் முழுவதும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துப் போயிற்று. பெங்களூர் மாதிரி இல்லை என்பது எனக்கே தெரிந்தது. ஆனாலும் சம்பந்தி “பிரமாதம்” என்றார். ஈசல் வந்து சாம்பாரில் விழுந்தது. பத்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் இலையும் செம்புமாக வீட்டுக்குள் ஓடினோம். விளக்கை யாரும் அணைக்கவில்லை. யாரும் என்று ஏன் பொதுவாகச் சொல்கிறேன்? அணைத்திருக்க வேண்டியவன் நான். நான் வெற்றிலை போட்டுக்கொண்டு கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அக்கா வீட்டில் வெள்ளையன் என்று ஒரு நாய். ராஜபாளையத்து நாய் என்றால் தெரியும் அல்லவா? பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, ஒட்டிய வயிறு, குதிரை போல் ஒரு நடை. அந்த ஜாதியில் சில நாய்களுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வெள்ளையனும் அப்படித்தான். கூப்பிட்டால் வரமாட்டான், கிட்டே போய்த் தொட வேண்டும். தொட்டால் அக்காவிடம் குழந்தை.

விடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது எழுந்து பவழமல்லி பொறுக்கப் போவது அக்காவின் வழக்கம். செருப்புப் போட்டுக்கொண்டு பூப் பொறுக்க மாட்டாள். அன்றும் வெறுங்காலோடு, பூக்குடலையை எடுத்துக்கொண்டு ஈரத் தரையில் நடந்திருக்கிறாள். இரும்புக் குழாய்க்குப் பக்கத்தில் வெள்ளையன் படுத்திருந்தான். விளக்கு வெளிச்சத்தில் இன்னும் வெள்ளையாக இருந்தானாம். தொட்டு எழுப்பலாம் என்று போனாள். இரண்டு எட்டு தூரம்தான் பாக்கி. தோட்டத்துக்காரக் கிழவர் பார்த்துவிட்டு, “தாயி, நில்லு! தொடாதே!” என்று கத்தின கத்தலில் வீடு முழுவதும் விழித்துக்கொண்டது. அத்தான் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் மெயின் பியூஸைப் பிடுங்கினார்.

நடந்தது இதுதான். நான் சுற்றிய டேப் மழையில் ஊறி, கம்பியிலிருந்து மின்சாரம் குழாய்க்குக் கசிந்திருக்கிறது. நாய்கள் கம்பத்துக்கு வழக்கமாகச் செய்கிற மரியாதையைச் செய்ய வெள்ளையன் போயிருக்கிறான். ஈரமான பாதம் நான்கும் தரையில். எதிரே இருநூற்று முப்பது வோல்ட். கசிவு முப்பது மில்லி ஆம்பியரைத் தொட்டாலே கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை அறுத்துவிடுகிற கருவியை இன்று வீடுகளில் பொருத்துகிறார்கள். அன்று அந்த வீட்டில் அது இல்லை.

யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. புதுமணத் தம்பதி இருக்கிற வீட்டில் அழவும் முடியாமல் அக்கா சமையலறையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அத்தானே மண்வெட்டியை எடுத்து மாமரத்தடியில் குழி தோண்டினார். தோண்டி முடித்துவிட்டு, குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு, “எர்த் இல்லை” என்றார். அந்த இரண்டு சொல்லை என்னிடம் சொன்னாரா, தமக்குத் தாமே சொல்லிக்கொண்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகு திண்ணைப் படிக்கு வெளியே ஒரு முழம் கம்பி போகக் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டாள். பவழமல்லியைச் சூரியன் வந்த பிறகுதான் பொறுக்கினாள். அதற்குள் பூ வாடி எறும்பு மொய்த்திருக்கும். வாடின பூவைச் சாமிக்குப் போடலாமா என்று அவளுக்கு ஒரு வேதனை. நானும் ராஜபாளையம் போனால் இருட்டுவதற்குள் புறப்பட்டுவிடுவேன். ஏதாவது வேலை இருப்பதாகச் சொல்லிக்கொள்வேன். 2005இல் தபால் இலாகாவார் நம் நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையம் நாய்க்கும் ஒன்று வந்தது. யாரோ கொண்டுவந்து கொடுத்ததை அக்கா காலண்டர் அட்டையில் ஒட்டி வைத்திருந்தாள். அது வெள்ளையன் மாதிரியே இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

2006இல் அத்தான் ஓய்வு பெற்றார். ஒரு நாள் போனில், “மாப்பிள்ளை, இந்தத் தடவை ராத்தங்குகிற மாதிரி வாங்க” என்றார். போனேன். திண்ணையில் ஓர் அட்டைப் பெட்டி. அதற்குள் பஞ்சில் பொதிந்த முட்டைகள் மாதிரி ஆறு பல்புகள். மதுரையில் வாங்கினாராம். நகைக்கடைக்காரர்கள் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே வைத்து அட்டிகையை மினுக்குகிறார்களே, அதே பல்பு.

எடுத்துப் பார்த்தேன். வாய் இரண்டு அங்குல அகலம். உட்புறம் முழுவதும் தேன்கூடு மாதிரி சின்னச் சின்னப் பட்டைகள். நடுவில் பயறு அளவுக்கு ஒரு குப்பி. இதற்கு எம்.ஆர். பதினாறு என்று பெயர். பல பட்டைக் குழிவாடி என்பதன் ஆங்கில முதலெழுத்துக்கள் அவை. பதினாறு என்பது குறுக்களவு. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்காகப் பதினாறு. அப்படியானால் இரண்டு அங்குலம் என்று நேராகச் சொல்லிவிட்டுப் போகலாமே என்று எனக்குத் தோன்றிற்று. பல்புக்காரர்களும் நம் பஞ்சாங்கக்காரர்கள் மாதிரிதான். படம் காட்டும் ஸ்லைடு புரொஜக்டருக்காக அமெரிக்காவில் பிறந்த பல்பு இது. அங்கிருந்து நகைக்கடைக்குப் போய், இப்போது ராஜபாளையத்துத் திண்ணைக்கு வந்திருந்தது.

இதற்கு ஒரு தமையன் உண்டு. நாலரை அங்குல வாய் கொண்ட, முழுக்க மூடிய கண்ணாடி விளக்கு. 1940இல் அமெரிக்கக் கார்களின் முன் விளக்குக்கு வந்த மூடிய விளக்குகளின் வம்சம். டிராக்டருக்கும் ஆகாய விமானத்துக்கும்கூட அந்த வம்சத்தைப் பொருத்துவார்கள். மேல்நாட்டுத் தோட்டங்களில் மரத்தடியிலும் வைப்பார்கள். மழைக்கு அதன் வாய் அஞ்சாது. அத்தான் அதையும் யோசித்துவிட்டு, “அது மாட்டுக் கண்ணு மாதிரி முழிக்கும்” என்று விட்டுவிட்டார்.

“பன்னிரண்டு வோல்ட் எதற்கு அத்தான்?” என்று கேட்டேன். ஷாக் அடிக்காது என்பதற்காக என்றுதான் பதில் வரும் என்று நினைத்தேன். அவர் வேறு இடத்தில் ஆரம்பித்தார். அதே வாட்டுக்கு வோல்ட் குறையக் குறைய உள்ளே இருக்கும் இழை குட்டையாகவும் பருமனாகவும் இருக்க வேண்டும். இருநூற்று முப்பது வோல்ட் பல்பின் இழை நீளமாகச் சுருண்டு கிடக்கும். அதற்குப் பின்னால் எந்தக் குழிவாடியை வைத்தாலும் வெளிச்சம் சிதறும். பன்னிரண்டு வோல்ட் இழை ஏறக்குறைய ஒரு புள்ளி. குழிவின் சரியான இடத்தில் அந்தப் புள்ளியை நிறுத்திவிட்டால் வெளிச்சம் சொன்னபடி கேட்கும். பன்னிரண்டு டிகிரி பல்பு முப்பதடி தூரத்தில் ஆறடி அகலத்துக்கு வட்டம் போடும், அது தென்னைக்கு. முப்பத்தாறு டிகிரி பல்பு அதே தூரத்தில் பத்தொன்பது, இருபதடி பரவும், அது மாவுக்கு. “நீங்க அன்னிக்குப் போட்டது ஆயிரம் வாட். இது அம்பது” என்றார். அந்தக் கல்யாணத்தைப் பற்றி எட்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. குரலில் குற்றம் சாட்டுவது ஒன்றும் இல்லை. வாட்டுக் கணக்கு, அவ்வளவுதான்.

பிறகு டிரான்ஸ்பார்மரைக் காட்டினார். தாமே சுற்றியது. இரும்புத் தகட்டு அடுக்கின்மேல் தனித்தனியாக இரண்டு கம்பிச் சுற்று. வீட்டு மின்சாரம் ஒரு சுற்றில் ஓடும்; பன்னிரண்டு வோல்ட் மற்றதில் பிறக்கும். இரண்டுக்கும் நடுவே கம்பித் தொடர்பே கிடையாது, காந்தம் ஒன்றைத் தவிர. “ரெண்டு வீட்டுக்கும் பொதுச் சுவரே இல்லை மாப்பிள்ளை. அங்கே தீப்பிடித்தாலும் இங்கே வராது.” நீச்சல் குளத்துத் தண்ணீருக்குள்ளேயே இந்த அளவு மின்சாரத்தில்தான் விளக்கு எரிக்கிறார்கள் என்றும் சொன்னார்.

அக்கா நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “யார் என்ன சொன்னாலும் கம்பி வெளியே போகக் கூடாது” என்றாள்.

அத்தான் ஒன்றும் பேசவில்லை. ஒரு வாளித் தண்ணீரை எடுத்துப் படிக்குக் கீழே கொட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு அந்த ஈரத்தில் இறங்கி நின்றார். டிரான்ஸ்பார்மரிலிருந்து வந்த இரண்டு வெறுங்கம்பிகளையும் கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்து “ஸ்விட்சைப் போடுங்க” என்றார். என் கை எழவில்லை. “போடுங்க மாப்பிள்ளை. இது ஒண்ணும் செய்யாது” என்றார் மறுபடியும். போட்டேன். அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, “காப்பி இருக்கா?” என்று அக்காவைக் கேட்டார்.

அக்கா உள்ளே போனாள். சம்மதம் என்று அர்த்தம்.

எல்லாம் தயாரானதும் அத்தான் ஸ்குரூடிரைவரை என்னிடம் நீட்டினார். “கடைசி இணைப்பை நீங்களே முடுக்குங்க.” எனக்குத் தெரியாது என்றேன். “தெரியாதுன்னுதான் சொல்லித் தர்றேன். பன்னிரண்டு வோல்ட்டுன்னு இளக்காரம் கூடாது. இதே அம்பது வாட்டுக்கு அங்கே கால் ஆம்பியர்கூட ஓடாது. இங்கே நாலு ஆம்பியருக்கு மேலே ஓடும். இணைப்பு தளர்ந்தால் கொதிக்கும். இது ஆளை அடிக்காது, வீட்டைக் கொளுத்தும்” என்றார். பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும், இன்னும் என்று முடுக்கச் சொன்னார். என் கை நடுங்குவதை அவர் பார்த்திருக்க வேண்டும். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அன்று இரவு விளக்கைப் போட்டோம். ஏமாற்றம்தான். மாமரத்தடியில் பல்பு சோகை பிடித்த மாதிரி மஞ்சளாக எரிந்தது. வீட்டிலிருந்து மரத்துக்கு நூறு அடி. பன்னிரண்டு வோல்ட்டாகக் கிளம்பியது போகிற வழியிலேயே இரண்டு வோல்ட்டைச் செலவழித்துவிட்டுப் பத்தாகப் போய்ச் சேர்ந்தது. இருநூற்று முப்பதில் இரண்டு போனால் யாருக்கும் தெரியாது. பன்னிரண்டில் இரண்டு போவது சம்பளக்காரன் வீட்டில் திருட்டுப் போவது மாதிரி. அதிலும் இந்த இழை விளக்குகளின் சுபாவம் பொல்லாதது. வோல்ட்டில் ஆறில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். மறுநாள் அத்தான் இருமடங்கு பருமனான கம்பி வாங்கி வந்தார். டிரான்ஸ்பார்மரில் பதின்மூன்றுக்கு ஒரு முனை எடுத்தார். மறுபடி முடுக்கினேன்.

இரண்டாவது இரவு பல்பு எரிந்தது. எரிந்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை. பல்பு எங்களுக்குத் தெரியவே இல்லை. அத்தான் அதை ஒரு பழைய பூந்தொட்டிக்குள் சாய்த்துவைத்து, வாய்க்கு நேரே கல் ஒன்றை மறைப்பாக நிறுத்தியிருந்தார். “விளக்கைப் பாக்கவா, மரத்தைப் பாக்கவா?” என்று அக்காதான் முந்தின நாள் கேட்டிருந்தாள். இப்போது மரம் மட்டும் தெரிந்தது. அடிமரத்தின் சொரசொரப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு நிழல். மேலே போகப் போக இலைகளின் வயிற்றுப்புறம் மட்டும் வெளிச்சம், முதுகுப்புறம் இருட்டு. பகலில் நாற்பது வருஷமாகப் பார்த்த மரம்தான். அதற்கு இத்தனை கிளை இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. மரத்தடியில் ஓரிடம் மட்டும் இருட்டாகவே இருந்தது. கல்லை அத்தான் அப்படித் திருப்பி வைத்திருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்த இடத்தில் குழி தோண்டினது அவர்தானே.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மனுஷ சுபாவம் அப்படி இல்லை. பெட்டியில் இன்னும் ஐந்து பல்பு இருந்தது. நான்கு தென்னைக்கும் பவழமல்லிக்குமாக அவற்றையும் பொருத்தினோம். நான்தான் தூண்டிவிட்டேன், அத்தானுக்கும் உற்சாகம். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. தென்னையில் குடியிருந்த கூகை ஒன்று காணாமற்போனதை மட்டும் சொன்னாள். “முன்னெல்லாம் ராத்திரி ஒரு சத்தம் கேக்கும். இப்ப இல்லை.” மேற்கே மலையில் சாம்பல் அணிலுக்கென்று 1988லேயே சரணாலயம் ஏற்படுத்தினார்கள், அதையும் சேர்த்து 2021இல் புலிகள் காப்பகமாகவும் ஆக்கிவிட்டார்கள். மலைக்கு இவ்வளவு கிட்டத்தில் இருக்கிறவர்கள் ஒரு கூகைக்கு இருட்டு வைக்கவில்லை என்றால் எப்படி?

அந்தச் சமயத்தில்தான் ஆடிப்பூரம் வந்தது. தேர் பார்க்க மூவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். வடபத்ரசாயி கோயில் கோபுரம் பதினோரு நிலை, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு அடி. பெரியாழ்வார் பாண்டியன் சபையில் வென்ற பொற்கிழியைக் கொண்டு கட்டியது என்று எங்கள் பாட்டி சொல்வாள். அரசாங்க முத்திரையில் இருப்பது இதுதான் என்று ஒரு கட்சி; இல்லை, மதுரை மேலக் கோபுரம் என்று ஒரு கட்சி. நான் எந்தக் கட்சி என்பதை என் பிறந்த ஊரை வைத்தே ஊகித்துக்கொள்ளலாம். திருவிழாவுக்காகக் கோபுரத்துக்குச் சீரியல் பல்பு போட்டிருந்தார்கள். நிலைக்கு நிலை ஓடி, நிறம் மாறி, அணைந்து அணைந்து எரிந்தது. குழந்தைகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. திருவிழா என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஒன்பது மணி சுமாருக்கு மின்சாரம் நின்றது. வீதி முழுவதும் ‘ஓ’ என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்துக்கு ஒன்றுமே தெரியவில்லை. கண் இருட்டுக்கு முழுவதும் பழக இருபது, முப்பது நிமிஷம் ஆகும் என்பார்கள். அவ்வளவு நேரம் ஆகவில்லை. ஆனால் மெதுவாக, வானத்தில் நட்சத்திரம் இல்லாத ஓரிடம் இருப்பது தெரிந்தது. அந்த இடம்தான் கோபுரம். அவ்வளவு பெரியதாக அதை நான் சிறு வயதில்தான் பார்த்திருக்கிறேன். திருக்கோவலூர் இடைகழியில் மூன்று ஆழ்வார்கள் இருட்டில் நெருக்கிக்கொண்டு நின்ற கதை ஞாபகம் வந்தது. எங்களையும் கூட்டம் அப்படித்தான் நெருக்கிக்கொண்டிருந்தது. அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, “அந்தா, கோபுரம்” என்றாள், அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறவள் போல. மின்சாரம் திரும்பியதும் எல்லோரும் கைதட்டினார்கள். அத்தான் தட்டவில்லை. இன்னும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை நான் எழுந்திருப்பதற்குள் தென்னையடி நான்கும் கழற்றப்பட்டுத் திண்ணையில் வரிசையாக இருந்தன. பவழமல்லிக்கு வைத்ததையும் எடுத்துவிட்டார். “அவ பூப் பொறுக்கப் போகிறபோது மா வெளிச்சமே போதும்” என்றார். ஒன்பது மணிக்கு அணைத்துவிடுவது, விடியற்காலையில் அரை மணி போடுவது என்று ஒரு சட்டமும் வந்தது. கூகை திரும்பி வந்ததா என்றால், சத்தம் வந்தது. அதே கூகையா என்று யார் கண்டது? அக்கா மறுபடியும் வெறுங்காலோடு, வாடாத பூவைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

2016இல் ஹாலஜன் போய் எல்.இ.டி. வந்தது. அதே கிண்ண உருவம், அதே பன்னிரண்டு வோல்ட். ஐம்பது வாட்டுக்குப் பதில் ஏழு. கம்பி கொதிக்கிற பயம் போயிற்று. கடையில் விற்கிற மெல்லிய எலெக்ட்ரானிக் டிரான்ஸ்பார்மர்களுக்கு இவ்வளவு சின்னச் சுமை பழக்கமில்லை; பல்பு கண்ணைச் சிமிட்டும். அத்தான் சுற்றிய இரும்பு டிரான்ஸ்பார்மருக்கு அந்த வம்பெல்லாம் கிடையாது. முதலில் வாங்கின பல்பு நீல வெள்ளையாக இருந்தது. “மரத்துக்கு உடம்பு சரியில்லாத மாதிரி இருக்கு” என்று அக்கா அதைத் திருப்பி அனுப்பினாள். பிறகு அட்டையில் 2700 கெல்வின் என்று போட்டிருப்பதைத் தேடிப் பிடித்தோம். அது சுவர் விளக்கின் நிறம்.

2019இல் அத்தான் காலமானார்.

சென்ற ஐப்பசியில் போயிருந்தேன். வழக்கம்போல் வலது பக்க ஜன்னல், மடியில் பால்கோவா. பகல் முழுவதும் மழை பெய்து, சாயங்காலம் விட்டிருந்தது. அக்காவுக்கு எண்பது நெருங்குகிறது; முதுகு கொஞ்சம் கூனிவிட்டது. இருட்டத் தொடங்கியதும் எழுந்து, செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு, தண்ணீர் தேங்கிய புல்லில் சளப் சளப் என்று நடந்து மாமரத்தடிக்குப் போனாள். பூந்தொட்டிக்குள் எரிந்துகொண்டிருந்த பல்பின் கண்ணாடியில் மழை தெறித்த சேறு. முந்தானையால் அதைத் துடைத்தாள். வெள்ளிக்கிழமைத் தகரத்தைத் துலக்கிய அதே கை. துடைக்கத் துடைக்க மரம் கிளை கிளையாக மேலே ஏறிற்று. கல்லை அவள் தொடவில்லை.

“என்னடா படியிலேயே நிக்கிறே? செருப்பைக் கழட்டிட்டு வா. ஈரம் காலுக்குச் சுகமா இருக்கு” என்றாள்.

“வரேன் அக்கா” என்றேன். செருப்பைக் கழற்றினேன். ஒரு காலைக் கீழே வைத்தேன். மற்றது இன்னும் படியில்தான் இருந்தது.